மேல் குட்டைக் கரையில் ஓர் அத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம் என்று சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால், நானும் உன் மாமாவும் நலம். என் இடுப்பையும் அவருடைய முழங்காலையும் விட்டுவிட்டுப் பார்த்தால் பரம நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் நீ பதில் எழுதுவதில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

போன் செய்தால் சிக்னல் இல்லை என்கிறாய். ரயில் பாதைக்கு நிலம் அளக்கிற இடத்தில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம், நான் நம்புகிறேன். உன் மாமா நம்பவில்லை. "அவன் போனை எடுத்தா நீ அழுவேன்னு பயப்படுறான்" என்கிறார். நான் எங்கே அழப் போகிறேன், உன் வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டு எனக்கு இங்கே மூக்கைச் சிந்தக்கூட நேரமில்லை.

மழை தொடங்கிவிட்டது. பெரிய மழை இன்னும் வரவில்லை. நீ சொல்லிவிட்டுப் போனபடி, மழை பெய்யும்போது வீட்டுக்குள் உட்காராமல் மண்வெட்டியும் குடையுமாகக் காட்டுக்குள் போய் வாய்க்கால்களைப் பார்த்தோம். காலமெல்லாம் சலவைக்கடை நடத்தியவள் நான். மழை என்றால் எனக்குத் துணி காயாது, அவ்வளவுதான் தெரியும். இப்போது மழையில் நனைந்துகொண்டு, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் நழுவுகிறது என்று குனிந்து பார்க்கிறேன். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் பள்ளம் வெட்டி, வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு, ஓடி வருகிற தண்ணீரை உட்காரவைத்து மண்ணுக்குள் இறக்குகிற ஏற்பாட்டுக்கு 'வாய்க்கால்' என்று நீ பெயர் வைத்திருக்கிறாய். ஓடாத வாய்க்காலை உலகத்திலேயே என் மச்சான் ஒருவன்தான் வெட்டியிருக்கிறான் என்று உன் மாமா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

மேல் வாய்க்கால் நன்றாக இருக்கிறது. மூன்றாவது வளைவில் மட்டும் வரப்பு அமுங்கி, தண்ணீர் அங்கே வழிகிறது. கல் வைத்திருக்கிறேன். சரியா தவறா என்று எழுது. நடு வாய்க்காலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. அதன் கிளைகளில் இலையெல்லாம் சிக்கி, அணை கட்டியதுபோல் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. உன் மாமா ரம்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அறுக்கும்முன் என்ன செய்தார் தெரியுமா? பஸ் பழுதாகி நின்றால் பின்னால் கிளை ஒடித்துப் போடுவார்களே, அதுபோல் ஒற்றையடிப் பாதையில் கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அந்தக் காட்டுக்குள் யார் வேகமாக வந்து இவர்மேல் மோதப் போகிறார்கள்? பஸ் ஓட்டி ஓய்வு பெற்றாலும் புத்தி ஓய்வு பெறவில்லை.

வாய்க்காலிலிருந்து குட்டைக்குப் போகிற குழாய்களின் வாய்க்கு நீ கட்டிய வலையில் இலை அடைத்துக்கொள்கிறது. காலையில் எடுத்தால் மாலையில் மறுபடி அடைக்கிறது. இந்த மரங்களுக்கு இலை உதிர்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாதா என்று நேற்று வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டுகிறாய் என்று உன் மாமா கேட்டார். உன்னைத்தான் என்று சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேல் குட்டைக் கரையின் வெளிப்பக்கம், அடியில், ஓரிடம் ஈரமாக இருக்கிறது. கால் வைத்தால் புதைகிறது. புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கிறது. குனிந்து புல்லை விலக்கினால் விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடுகிறது. நீ சொல்லிக்கொடுத்ததுபோல ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது. தெளிந்து வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரையின் மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்று நீதான் சொன்னாய். அதனால் இப்போதைக்குப் பயமில்லை என்று வைத்துக்கொள்கிறேன். சமையலறையில் இருந்த ஒரே கண்ணாடி பாட்டில் அது, சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டது. கரைக்குப் போன பிறகுதான் கையில் இருப்பது எது என்று பார்த்தேன். கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஈரம் இருப்பது அத்திமரத்துக்கு நேர் கீழே. வேறெங்கும் இல்லை. நீ அளவுக்காரன், இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா நேற்று வேலியோரம் நின்று, "மேல எல்லாம் சரியா இருக்குங்களாக்கா?" என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் வீட்டுக்காரர் இன்னும் படுத்த படுக்கைதான். பக்கவாதம் வந்த பக்கம் கொஞ்சம்கூட அசையவில்லை. திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும். அவர்கள் வீடு அந்தக் கரைக்கு நேர் கீழே இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும்.

அத்தியை என்ன செய்வது என்று எழுது. உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மூன்று தாள், இரண்டு படம். வரப்பு வழிகிற இடத்தில் குத்துக் கல் வைக்காமல் தட்டையான கல்லாகப் பதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய், பதித்தாயிற்று. குழாய் வலையை நேராகக் கட்டாமல் கூடைபோலக் குவித்துக் கட்டினால் இலை மேலே நிற்கும், தண்ணீர் கீழே போகும் என்று எழுதியிருந்தாய், கட்டியாயிற்று. நன்றாக வேலை செய்கிறது. கீழ் குட்டையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று கேட்டிருந்தாய், என் முழங்கால் வரை இருக்கிறது.

அத்தியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுதினாயோ என்று உன் மாமாவும் பார்த்தார். கசிவைப் பற்றியாவது எழுதினாயா என்றால், "கவனித்து வரவும்" என்று அலுவலகத்துக்கு எழுதுவதுபோல் எழுதியிருக்கிறாய். கவனித்துத்தான் வருகிறேன், வேறு எனக்கு என்ன வேலை.

எனக்குக் கோபம் வருகிறது. கோபப்படவும் தெம்பு இல்லாததால் எழுதுகிறேன்.

கரையில் மரம் வைக்கக் கூடாது என்று இந்த ஊருக்கே பாடம் எடுத்தவன் நீ. பறவை போட்ட விதையில் முளைத்த விரல் நீளச் செடியைக்கூட விடமாட்டாய், பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. வேர் தண்ணீரைத் தேடிக் கரைக்குள் போகும், போன வழியிலேயே தண்ணீரும் வெளியே வரும் என்பாய். கரையில் உட்கார ஒரு கட்டை போடலாம் என்று உன் மாமா சொன்னதற்கே சண்டைக்குப் போனவன். அப்படிப்பட்டவன் கட்டிய கரையில், நடுநாயகமாக ஓர் அத்தி நிற்கிறது. ஓடையோரத்து அத்தியிலிருந்து கிளைப் போத்து வெட்டிக்கொண்டு வந்து உன் மனைவி, அவள் நட்டது. நட்ட அன்று நானும் அங்கே இருந்தேன்.

அப்போது அவளுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்த நேரம். நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த பாட்டிலில் அவளே தன் நகப்பூச்சால் கோடு போட்டுக்கொண்டாள். சுற்றி எங்கே பார்த்தாலும் நீ தேக்கிவைத்த தண்ணீர். நடுவில் அவள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தாள். போத்தை ஊன்றி மண்ணை மிதித்துவிட்டு, "நான் குடிக்க முடியாததை எல்லாம் இது குடிக்கட்டும் அண்ணி" என்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ மண்வெட்டியோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றாய். கரையில் மரம் கூடாது என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் யார் சொல்லியிருப்பார்கள்?

அது குடித்தது. அவள் சொன்னபடியே குடித்து இன்று என் இரண்டு கைக்கும் அடங்காமல் நிற்கிறது. இந்த வருஷம் அடிமரத்திலேயே காய் பிடித்திருக்கிறது. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முந்தாநாள் பெரிய மழை. இரண்டு குட்டையும் நிரம்பி, கலிங்கு வழியாக உபரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கலிங்கு நன்றாக இருக்கிறது, அதில் குறையில்லை. மழை விட்டதும் கரையின் அடிக்குப் போய் பாட்டிலில் பிடித்தேன். பால் குறைவாக விட்ட டீ மாதிரி வந்தது. விரல் கனமாக இருந்தது கைக் கனமாகியிருந்தது. உடனே சறுக்கிக்கொண்டே தையல்காரம்மா வீட்டுக்கு இறங்கினேன்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்று முன்னால் சொன்னவள் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கையிலிருந்த துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "அப்ப அவரை எப்படிக்கா தூக்குறது?" என்று மட்டும் கேட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, துணியால் கட்டி, உன் மாமா ஒரு பக்கமும் நாங்கள் இரண்டு பேர் மறுபக்கமுமாகத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேடு ஏறும்போது உன் மாமா பழக்கதோஷத்தில் வளைவுக்கு வளைவு "ஓரம், ஓரம்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்த மனிதருக்கு வாய் கோணியிருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நாளாச்சு என்று தையல்காரம்மா அன்றைக்கு மட்டும் பலதடவை சொன்னாள்.

இப்போது அவர்கள் நம் முன்னறையில் இருக்கிறார்கள். உன் வரைபடப் பெட்டிகளை அலமாரிமேல் ஏற்றிவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறோம். தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. நாள் முழுக்க அது ஓடுகிறது. வீட்டில் ஒரு சத்தம் இருப்பது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எத்தனை நாளைக்கு அவர்களை இப்படி வைத்திருப்பது? அவளிடம் துணி கொடுத்தவர்கள் கீழே வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

நேற்றிலிருந்து மேல் குட்டையின் தண்ணீரை இறக்குகிறோம். நீண்ட குழாயைக் கரைக்கு மேலாகப் போட்டு, ஒரு முனையைக் குட்டையில் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இழுக்க வேண்டும். உறிஞ்சுகிற பொறுப்பு உன் மாமாவுக்கு. முதல் தடவை வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர், அதில் ஏதோ நெளிந்ததாகவும் சொல்கிறார். அந்தக் காலத்தில் டேங்கிலிருந்து டீசல் உறிஞ்சினதைவிட இது தேவலை என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். தண்ணீரை நடு வாய்க்காலில் விடுகிறோம். அது நிரம்பி, மண்ணுக்குள் இறங்க இறங்க மறுபடி விடுகிறோம். அவசரப்பட்டால் வரப்பு உடையும் என்று தெரியும்.

பொக்லைன்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மண் கொஞ்சம் இறுகியதும் வண்டியை ஏற்றுவார். மரத்தை வெட்டி, வேரோடு தோண்டி எடுத்து, அந்த இடத்தில் கரையை இரண்டாகப் பிளந்து, களிமண் போட்டு மிதித்துக் கட்டினால்தான் குட்டை பிழைக்கும் என்கிறார். நீயும் அதைத்தான் சொல்வாய். சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன். வெட்டு என்று எழுது, இல்லை வேண்டாம் என்று எழுது. தபாலில் தாமதமாகும் என்றால் அங்கே யார் போனிலிருந்தாவது ஒரு வார்த்தை அனுப்பு. வண்டல் ஆழத்தைக் கேட்காதே.

மழையில் நனையாதே. தலையைத் துவட்டிக்கொள்.

அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி உன் மாமா போனுக்கு வந்தது. யாருடைய நம்பரோ. "அக்கா, உனக்குச் சரின்னு படுறதைச் செய்." அவ்வளவுதான். உன் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு ரம்பத்தைத் தீட்டப் போய்விட்டார்.

எங்கள் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதறாமல் படிக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரை உடையவில்லை. மேல் குட்டை காலியாகிவிட்டது.

தண்ணீர் இறங்க இறங்கக் கசிவு குறைந்தது. பாதிக்குக் கீழே போனதும் நின்றேபோய்விட்டது. பிறகு பார்த்தால் கரையின் உட்பக்கம், அத்தி வேருக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. உன் மாமா சேற்றில் மண்டியிட்டுக் கையை விட்டார், தோள் வரை உள்ளே போய்விட்டது. அந்தக் கை வெளியே வரும்வரை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு பெரிய மழை தாங்கியிருக்காது என்று பொக்லைன்காரர் சொன்னார். தையல்காரம்மா அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேர் கீழே தெரிந்த தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் எங்கே போனது என்று தெரியாமல் போயிற்று என்றுதான் நினைத்தோம். தையல்காரம்மா வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கிறது. அப்படி அவள் பார்த்ததே இல்லையாம். உன் ஓடாத வாய்க்கால் வேலை செய்கிறது, அதை ஒப்புக்கொள்ளச் சொல்லி உன் மாமாவை வற்புறுத்தினேன். இவன் பஸ் மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒப்புக்கொண்டார்.

பொக்லைன்காரர் காலையிலேயே வண்டியோடு வந்துவிட்டார். ரம்பம் தீட்டி வைத்திருந்தது. எனக்குச் சரியென்று பட்டதைச் செய்யச் சொல்லிவிட்டாய். வெட்டத்தான் நினைத்தேன். மரத்தடியில் கிடந்த சுள்ளியை எல்லாம் நானே பொறுக்கி ஒதுக்கினேன். உன் மாமா ரம்பத்தை அடிமரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையாட்டு என்று என் தலைக்குச் சொல்கிறேன், அது ஆடவில்லை.

தம்பி, அவள் போனபோது எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது நான். குளிப்பாட்டி உடுத்திவிட்டது நான். அவள் புடவைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, யார் யாருக்கோ கொடுத்ததும் நான்தான். சலவைக்காரி என்பதால் உனக்கும் அது சுலபமாகத் தோன்றியிருக்கும். எனக்கு எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை. நீ மழையில் நின்று கலிங்கில் கல் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். அன்று உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. சிலருக்குக் கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் நிற்க முடியும். ஆனால் அந்த பாட்டிலை விட்டால், அவள் பொருள் என்று இந்த இடத்தில் மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான். இதையும் உனக்காக நான் எடுத்துப் போட மாட்டேன். எனக்குச் சரியென்று பட்டது அதுதான். செய்துவிட்டேன்.

மரம் இருக்கிறதே என்றுதான் நீ வராமல் இருக்கிறாய், வெட்டிவிட்டால் வந்துவிடுவாய் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் அது சரியாகப் படவில்லை. மரமும் போய்விட்டால், நீ எதற்காக வருவாய்?

அதனால் கரையை வேறு பக்கம் உடைத்தோம். பாறை இருக்கிற முனையில், அத்திக்கு எட்டாத தூரத்தில், குட்டையின் அடிமட்டம் வரை பொக்லைன்காரர் ஒரு வெட்டு வெட்டினார். இனி எவ்வளவு மழை பெய்தாலும் மேல் குட்டையில் தண்ணீர் நிற்காது. வருகிறது வந்தபடியே அந்த வெட்டு வழியாக நடு வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து கீழ் குட்டைக்குப் போகும். நேற்று ஒரு மழை வந்தது, குடையோடு நின்று பார்த்தேன், ஒழுங்காகப் போகிறது. நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய கரையை உடைத்ததற்கு என்னைத் திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. மண்வெட்டியால் எத்தனை மழைக்காலம் நாங்கள் இலை வாரிக் காத்த தண்ணீர் அது. குழாய் வழியாக அது போவதைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தபோது, எழுந்திருக்கவே எனக்கு மனசு இல்லை.

தையல்காரம்மா நேற்று மாலை கீழே இறங்கிவிட்டாள். வீட்டுக்காரரை அதே நாற்காலியில் கொண்டுபோய் விட்டோம். இறக்கம் என்பதால் "பிரேக், பிரேக்" என்று உன் மாமா கத்திக்கொண்டே வந்தார். முன்னறை இப்போது அமைதியாக இருக்கிறது. உன் பெட்டிகளை இன்னும் அலமாரியிலிருந்து இறக்கவில்லை. மேலேயே இருக்கட்டும், நீ வந்து இறக்கிக்கொள். கட்டிலையும் எடுக்கவில்லை. உறையெல்லாம் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

எனக்கு முடியவில்லை. இதைச் சொல்லக் கூடாது என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் இடுப்பு, முழங்கால் என்று கேலியாகவே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று தங்கியவள் நான். எங்கள் வீட்டுப் பூட்டு துருப்பிடித்திருக்கும். உன் மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தூக்கத்தில் புலம்புகிறார்.

வெளியே இப்போது அத்தி நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. ஒரு பக்க வேர் காலிக் குட்டைக்குள் தொங்குகிறது. மழை இருக்கும்வரை அதற்குக் கவலையில்லை. மழை நின்று வெயில் ஏறிவிட்டால், தண்ணீரிலேயே நின்று பழகியது, நா வறண்டு நிற்கும். அப்போது ஒரு சொட்டு நான் ஊற்ற மாட்டேன், வேண்டுமானால் நீ வந்து ஊற்று என்று எழுதத்தான் இந்தக் கடிதத்துக்கே உட்கார்ந்தேன்.

அப்படி எழுத எனக்கு வரவில்லை. ஊற்றுவேன் தம்பி. கீழ் குட்டையில் மொண்டுகொண்டு, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு, ஏறி வந்து ஊற்றத்தான் போகிறேன். கடைசி மாதங்களில் அவளுக்கு வேளாவேளைக்கு அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொடுத்தவள் நான்தான். "இன்னும் கொஞ்சம் அண்ணி" என்று கேட்பாள். இல்லை என்று பாட்டிலை மூடுவேன். இதற்காவது அளக்காமல் ஊற்றுகிறேன்.

வெட்டுவதா விடுவதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அதற்கு அவசரமில்லை. வெயில் வருவதற்குள் வந்து, என் இடுப்பிலிருந்து அந்தக் குடத்தை வாங்கிக்கொள்.

நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா